ராணுவத்திலிருந்து பி.ஜி. சீட்டுக்கு: நான் தொலைத்த ஒன்றரை வருடம்

போன வாரம் ராஜஸ்தான் பக்கம் இருக்கும் ஒரு ஜூனியர் பையன் போன் செய்தான். என்னைப் போலவே ஷார்ட் சர்வீஸ் கமிஷனில், அதாவது குறிப்பிட்ட வருட ஒப்பந்தத்தில், ராணுவ அதிகாரியாகச் சேர்ந்த டாக்டர், மதுரைக்காரன், நான்காவது வருடம் ஓடுகிறது. "மேடம், ரிலீஸ் வாங்கிட்டு பி.ஜி. போயிடலாம்னு பாக்குறேன், ஈஸியா கிடைக்குமா?" என்று கேட்டான். நாற்பது நிமிடம் பேசினேன். வைத்தபிறகுதான் தோன்றியது, இதில் பாதியை 2023-ல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். தேதியும் தொகையும் சொல்வேன், என் முட்டாள்தனத்தையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வீடு நீலகிரியில், குன்னூர் பக்கம் அருவங்காடு. அப்பா அங்கே வெடிமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சின்ன வயதில் எங்கள் வீட்டில் மணி பார்ப்பது ஃபேக்டரி சங்கை வைத்துத்தான். அந்தப் பக்கம் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர். விடியற்காலையில் ஓடும் பையன்கள் "வீர மதராசி, அடி கொல்லு" என்று கத்துவது காற்று சரியாக அடித்தால் எங்கள் மொட்டை மாடி வரை கேட்கும். அதனால் எம்.பி.பி.எஸ். முடித்ததும் ராணுவத்துக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் அதிரவில்லை. அம்மா மட்டும் "மேல படிக்கலையா?" என்றாள். அப்புறம் படிக்கலாம் என்றேன். அந்த 'அப்புறம்' எத்தனை சிக்கலான சொல் என்று அப்போது தெரியாது.

2019 செப்டம்பரில் கேப்டனாகச் சேர்ந்தேன். ஷார்ட் சர்வீஸில் டாக்டருக்கு முதல் ஒப்பந்தம் 5 வருடம். வேண்டுமென்றால் மேலே 5, அதற்கும் மேலே 4, ஆக மொத்தம் 14 வரை போகலாம். லக்னோவில் அடிப்படைப் பயிற்சி, முடித்த கையோடு கொரோனா. அந்த இரண்டு வருடம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பிறகு ஒரு பட்டாலியனுக்கு மருத்துவ அதிகாரி, காலையில் சிக் பரேட் (உடம்பு சரியில்லாத வீரர்களைப் பார்ப்பது), மாலையில் பேப்பர் வேலை, நடுவில் பயிற்சிக்குப் போகிறவர்களோடு ஆம்புலன்ஸில் போய் உட்கார்ந்திருப்பது. வேலை பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் காலில் கொப்புளமும் காய்ச்சலும் முதுகுவலியும் பார்த்தே நான்கு வருடம் போனதில், பயோகெமிஸ்ட்ரி என்று ஒரு பாடம் இருந்ததே மறந்துவிட்டது. மேஜர் ஆனேன். அப்போதும் 'பி.ஜி. அப்புறம்' என்றே இருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், என் கதைக்கு அடிப்படையே இதுதான். ராணுவத்துக்குள் இருந்து ஸ்பெஷலிஸ்ட் ஆக நினைப்பவருக்கு வழி ஒன்றல்ல. நிரந்தரக் கமிஷன் (ரிட்டையர் ஆகும் வரை ராணுவ வேலை) வாங்கியவர்கள், சர்வீஸில் இருந்தபடியே, சம்பளத்தோடு, படை மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய படை மருத்துவமனைகளிலும் பி.ஜி. படிக்கலாம், இடங்களில் முதல் முன்னுரிமை அவர்களுக்கு. ஷார்ட் சர்வீஸ் முடித்து வெளியே வந்தவர்களுக்கு அதே இடங்களில் வேறொரு முன்னுரிமை உண்டு. அதற்கும் கீழே சிவில் டாக்டர்கள். அவர்கள் படித்து முடித்ததும் 5 வருடம் படையில் வேலை செய்வதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சேருவார்கள். எல்லோருக்கும் நீட் பி.ஜி. தேர்வு பொது. நிரந்தரக் கமிஷனுக்கு, கையில் எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்தால் வயது வரம்பு உண்டு. நான் அதை முதல்முறையாக உட்கார்ந்து படித்த அன்றைக்கு அந்த வரம்பைத் தாண்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழே மாதம். யாரும் ஒளித்து வைக்கவில்லை, விதி அங்கேயேதான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. சேர்ந்த முதல் வருடமே உங்கள் பிறந்த தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்துவிடுங்கள்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் கிளாஸ்மேட் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு மாநில அரசு டாக்டர் என்ற முறையில் தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் 50 சதவீத உள் ஒதுக்கீடு. "நீயும் அரசாங்க டாக்டர்தானே, உனக்கும் வருமே" என்று அவளே சொன்னாள். வராது. அது மாநில அரசின் பணியில் இருப்பவர்களுக்கு. பனியில் நின்றாலும் எல்லையில் நின்றாலும் நம் கணக்கு மத்திய அரசின் கணக்கு. இதில் கொஞ்சம் பொறாமைப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவள் என்னைவிட முன்னால் ஜெனரல் மெடிசின் எடுத்தபோது வாழ்த்துச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, 2024-க்கு வருவோம். ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. நீட்டிப்பு வேண்டுமா என்று கடிதம் வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். நீட் பி.ஜி.க்கு 3,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். தேர்வு ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. மையம் கோயம்புத்தூர். அப்போது நான் அஸ்ஸாமில் இருந்தேன். பத்து நாள் லீவு கேட்டு, ஏழு நாள் கிடைத்து, குவாஹாத்தியிலிருந்து விமானம் ஏறி வீட்டுக்கு வந்து, 22-ஆம் தேதி மத்தியானம் அப்பாவோடு மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கி, காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டோம். பர்லியார் தாண்டும்போதே அப்பா ஒரு பை நிறைய மங்குஸ்தான் வாங்கினார், பரீட்சைக்கு முந்தின நாள் வயிறு குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம். ராத்திரி பத்து மணி இருக்கும், அட்மிட் கார்டை ஃபைலில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன், போன் விடாமல் அடிக்கிறது. தேர்வு தள்ளிவைப்பு. பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. நாடு முழுக்க லட்சக்கணக்கான டாக்டர்கள் அன்று ராத்திரி இதே மாதிரி ஏதோ ஒரு லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்திருப்பார்கள். அப்பா ஒன்றுமே சொல்லாமல் மங்குஸ்தானை உரித்து உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மற்றவர்களுக்கு அது ஒன்றரை மாதத் தள்ளிவைப்பு. சர்வீஸில் இருப்பவருக்கு அது இன்னொரு லீவு. இதுதான் வித்தியாசம். திரும்பிப் போய் புதுத் தேதி ஆகஸ்ட் 11 என்றதும் "மறுபடியும் பரீட்சையா, இப்பதானே போயிட்டு வந்தீங்க" என்ற கேள்விக்கு நான்கு பேரிடம் பதில் சொன்னேன். அதற்குள் இன்னொரு வேலை நடந்தது. தேர்வு ஊரை எல்லோரும் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஜூலையில் நான்கு நாள் அவகாசம் கொடுத்தார்கள். அந்த நான்கு நாளும் நான் ஒரு பயிற்சிக்கு மருத்துவப் பாதுகாப்பாகப் போய் சிக்னல் இல்லாத இடத்தில் கூடாரத்தில் இருந்தேன். வந்து போனைத் திறந்தபோது அவகாசம் முடிந்திருந்தது. தேர்ந்தெடுக்காதவர்களுக்கு நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போடலாம் என்பது விதி. எனக்கு விழுந்தது விஜயவாடா.

இதிலிருந்து சொல்கிறேன்: உங்கள் தேர்வு லாகின் விவரம் உங்களிடம் மட்டும் இருக்கக்கூடாது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், தம்பியோ தங்கையோ, கம்ப்யூட்டர் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணோ. மெயிலை தினமும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி. வேறு ஒரு தொல்லை. அதனால் பதிவு செய்யும் போன் நம்பரே வீட்டில் இருக்கிற நம்பராக இருந்தால் நல்லது. நான் யூனிட்டில் வாங்கிய சிம்மைக் கொடுத்திருந்தேன், அது மலை இறங்கினால்தான் உயிர் பெறும்.

விஜயவாடாவுக்கு ஹைதராபாத் வழியாகப் போய் வர விமானம், தங்கல், ஆட்டோ எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய் ஆனது. எனக்கு மத்தியான ஷிப்ட், மூன்றரை மணிக்குத் தொடக்கம். பகல் முழுக்க வியர்த்துக்கொண்டு, எதையும் படிக்கவும் முடியாமல் படிக்காமல் இருக்கவும் முடியாமல் ஒரு ஹோட்டல் வராந்தாவில் காத்திருந்தேன். தேர்வு 200 கேள்வி, 800 மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழியும், மூன்றரை மணி நேரம். அதெல்லாம் தெரியும். தெரிந்தும் பழகாதது, 40 கேள்வி கொண்ட ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம், அடுத்த பகுதிக்குப் போய்விட்டால் முந்தினதைத் தொட முடியாது என்பது. நான் பழைய ஆள், தெரியாததை விட்டுவிட்டுக் கடைசியில் வந்து பார்க்கிற பழக்கம். முதல் பகுதியில் ஒன்பது கேள்வியை 'அப்புறம்' என்று விட்டேன், அவை அப்படியே பூட்டிக்கொண்டன. மாதிரித் தேர்வு எழுதும்போதே கடிகாரம் வைத்து 42 நிமிடத்தில் எழுந்துவிடும் பழக்கம் செய்துகொள்ளுங்கள்.

ரேங்க் நாற்பதாயிரத்துக்கு மேலே. நன்றாக எழுதினேன், விதி விளையாடியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நான் போதுமான அளவு படிக்கவில்லை. ஆனாலும் அந்த ரேங்கிலேயே முன்னாள் ஷார்ட் சர்வீஸ் பிரிவில் ஏதாவது கிடைத்திருக்க வாய்ப்பிருந்தது. அதைக் கெடுத்தது ஒரு டிக்.

செப்டம்பர் கடைசியில் ரிலீஸ். கிளியரன்ஸ் சீட்டைத் தூக்கிக்கொண்டு மெஸ், கேன்டீன், லைப்ரரி, ஸ்டோர் என்று கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் மத்தியக் கலந்தாய்வுக்கான பதிவு தொடங்கியது. மருத்துவக் கலந்தாய்வுக் குழு, எம்.சி.சி. என்போமே, அதன் தளத்தில். ராத்திரி பதினோரு மணிக்கு மெஸ் அறையில் உட்கார்ந்து பதிவு செய்தேன். பதிவுக் கட்டணம் 1,000, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 25,000. அந்தப் படிவத்தில் ஆயுதப்படை மருத்துவ இடங்களுக்கு விருப்பமா என்று ஒரு இடம் உண்டு. அதில் விருப்பம் என்று குறித்தால்தான் நம் பெயர் டெல்லியில் இருக்கும் ஆயுதப்படை மருத்துவச் சேவைகள் தலைமை இயக்குநரகத்துக்குப் போகும், எம்.சி.சி.யில் நடப்பது பதிவு மட்டும், இடம் ஒதுக்குவது அவர்கள். நான் நினைத்தது வேறு. நம்முடையது ராணுவம், நம் பேப்பர் ராணுவ வழியாகத்தானே போகும் என்று. ஐந்து வருடமாக எதையும் 'முறையான வழி'யில் மேலே அனுப்பியே பழகிய மூளை. அலுவலகத்தில் ஒருவரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் உங்க ரெக்கார்டை வச்சு தானா வந்துடும் மேடம்" என்று சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர் வேலையே இல்லை. நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

நவம்பரில், என்னோடு ராணுவத்தில் சேர்ந்த ஒருத்தி போன் செய்து, "ஏண்டி, லிஸ்டுல உன் பேரைக் காணோமே" என்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குமுன் ட்ரங்குப் பெட்டிக் கதை. ரிலீஸ் ஆகும்போது சாமான்களைக் கறுப்பு ட்ரங்குகளில் போட்டுப் பூட்டி ரயில் பார்சலில் அனுப்பினேன். வெயிட் குறையட்டும் என்று அசல் சான்றிதழ் ஃபைலையும் அதிலேயே வைத்தேன், பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்து. பெட்டி கோயம்புத்தூர் வந்து சேர 19 நாள். இடையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் வேலை தயாராக இருந்தது. பதிவுச் சான்றிதழ் அசல் கேட்டார்கள், என்னிடம் இல்லை, அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். பெட்டி கிடைக்காமலே போயிருந்தால் என்ற எண்ணத்தில் தூங்காத ராத்திரிகள் தனி. எம்.பி.பி.எஸ். பட்டம், எல்லா வருட மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் முடித்த சான்று, மெடிக்கல் கவுன்சில் பதிவு, பத்தாம் வகுப்புச் சான்று, ரிலீஸ் ஆணை, இவ்வளவும் உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும். விமானத்தில் உங்கள் மடியில். கவுன்சில் பதிவு இன்னும் செல்லுபடியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், வெளி மாநிலங்களில் சுற்றும்போது அது ஞாபகமே வராது.

ராணுவ இடத்துக்கான வாய்ப்பு போனது. மாநில ஒதுக்கீட்டுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனித் தேதி. போட்டேன், என் ரேங்குக்கு ஒன்றும் வரவில்லை. மிச்சம் அகில இந்திய ஒதுக்கீடு. முதல் சுற்றில் இடம் இல்லை. இரண்டாம் சுற்றுக்கு விருப்பப் பட்டியல் போடும்போது பயம் பிடித்துக்கொண்டது. ராத்திரி ஒரு மணிக்கு, ஏதாவது கிடைத்தால் போதும் என்று 180-க்கு மேல் சேர்த்தேன். பல ஊர்கள் வரைபடத்தில் எங்கே என்றுகூடத் தெரியாது. டிசம்பரில் ஒதுக்கீடு வந்தது: வட மாநிலத்தில் ஒரு கல்லூரியில் உடற்கூறியல். நல்ல பாடம்தான், விருப்பத்தோடு எடுப்பவர்களுக்கு. எனக்கு நோயாளிகள் வேண்டும். மூன்று வருடம் அங்கே போய் எனக்கு நானே துரோகம் செய்ய முடியாது என்று சேரவில்லை. முதல் சுற்றில் கிடைத்ததை விட்டால் பணம் போகாது. இரண்டாம் சுற்றில் கிடைத்ததை விட்டால் வைப்புத்தொகை போய்விடும். 25,000 போனது. மூன்றாம் சுற்றுக்குப் போக மறுபடி பதிவு, மறுபடி பணம். எனக்குத் தெம்பு இல்லை.

ஆகவே விருப்பப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். 'இந்த ஊரில் இந்தப் பாடம் கிடைத்தால் நாளைக்கே பெட்டி கட்டுவேனா?' ஆம் என்றால் வைக்கலாம். யோசனை வந்தால் அழித்துவிடுங்கள். நீளமான பட்டியலைப் பார்த்தால் தைரியம் வருவது போல் இருக்கும், அது பொய்த் தைரியம். ராத்திரி ஒரு மணிக்கு எதையும் பூட்டாதீர்கள்.

2025 முழுக்க வீட்டில். இதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. நேற்றுவரை மேஜர், சல்யூட், ஜீப், உதவிக்கு ஆள். இன்றைக்கு முப்பத்தொரு வயதில் சின்ன வயது ரூமில், பழைய மேஜையில், அம்மா கொண்டுவரும் காபியோடு எம்.பி.பி.எஸ். புத்தகம். சொந்தக்காரர்கள் "ஏன் வேலையை விட்டாள்?" என்று என்னிடம் கேட்பதில்லை, அம்மாவிடம் கேட்பார்கள். கல்யாணப் பேச்சு தனியாக ஓடியது, அதை இங்கே இழுக்க வேண்டாம். குன்னூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் வாரம் நான்கு நைட் டியூட்டி பார்த்தேன், மாதம் 42,000. ராணுவத்தில் வாங்கியதில் பாதிகூட இல்லை. டியூட்டி முடிந்து காலை ஆறரைக்கு வீட்டுப் படிக்கட்டு ஏறினால் சில நாள் மேலே காட்டெருமை நிற்கும். அது நகரும் வரை கீழே பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டு மொபைலில் இருபது கேள்வி போட்டுவிடுவேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, மருந்தியல் பாதி அப்படித்தான் முடிந்தது. மற்றபடி ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பதினான்கு மணி நேரம் படித்தேன் என்று சொல்பவர்களைப் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கிவிடுவேன். ஆன்லைன் கோச்சிங்குக்கு முந்தின வருடம் கட்டிய 34,000-ல் கால்வாசி வீடியோகூடப் பார்க்கவில்லை. யூனிட்டில் நெட் வேகம் அப்படி. இந்த வருடம் பாடம் கேட்பதை விட்டுவிட்டு வெறும் கேள்வி பயிற்சிக்கு மட்டும் பணம் கட்டினேன், அது போதுமாக இருந்தது.

இப்போது பெயர் விஷயம். தமிழர்கள் எல்லோரும் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றில் என் பெயர் அப்பாவின் முதலெழுத்து முன்னால் வைத்து. மெடிக்கல் கவுன்சில் பதிவில் அதே எழுத்து பின்னால். ராணுவத்தில் சேரும்போது 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று ஒரு கிளார்க் அப்பாவின் முழுப்பெயரை எடுத்துப் பின்னால் ஒட்டிவிட்டார், நானும் தலையாட்டினேன். ஐந்து வருடம் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் 'கேப்டன் இன்னார்', அப்புறம் 'மேஜர் இன்னார்' என்று கூப்பிட்டார்கள், அது வேறு வேடிக்கை, அப்பாவுக்கு ரொம்பப் பெருமை. ரிலீஸ் சான்றும் அந்தப் பெயரிலேயே வந்தது. நீட் விண்ணப்பத்தில் இருப்பது பத்தாம் வகுப்புப் பெயர். முன்னாள் அதிகாரி என்ற முன்னுரிமையைக் கேட்க நான் காட்ட வேண்டிய ஒரே அத்தாட்சியில் வேறொரு பெண்ணின் பெயர் மாதிரி இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பக்கத்துத் தெருவில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ரிட்டையரான சுபேதார் மாமா ஒருவர் இருக்கிறார். பென்ஷன் பேப்பரில் ஒரு எழுத்து மாறியதால் இரண்டு வருடம் அலைந்த மனுஷன். என் ஃபைலை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, "மேஜர் பாப்பா, இதுல மூணு பேர் இருக்காங்களே, நீ யாரு?" என்றார். மறுநாளே குன்னூரில் நோட்டரியிடம் போய் மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் போட்டேன், 600 ரூபாய். அதோடு விடவில்லை மாமா. "வக்கீல் சொன்னா போதாது, உன்னை ரிலீஸ் பண்ணினவன் சொல்லணும்" என்று எழுதவைத்தார். ஆவணப் பிரிவுக்குக் கடிதம், ரிஜிஸ்டர் தபால், ஒப்புகைச் சீட்டு, நினைவூட்டல், மறுபடி நினைவூட்டல். பதில் வர ஏழு வாரம். சர்வீஸில் இருக்கும்போதே இதைச் செய்திருந்தால் ஒரு மத்தியானம் ஆகியிருக்கும். வெளியே வந்துவிட்டால் நாம் ஒரு பழைய நம்பர், அவ்வளவுதான். முன்னாள் ராணுவத்தினர் இருக்கும் ஊரில் நீங்கள் இருந்தால் அவர்களிடம் போங்கள். டாக்டர் படிப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது, காகிதத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

2025 தேர்வும் தள்ளித்தான் போனது. ஜூன் 15 என்றார்கள், ஒரே ஷிப்டில் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆகஸ்ட் 3 ஆனது. இந்த முறை எனக்கு லீவு கேட்கும் வேலை இல்லாததால் செய்தியைப் படித்துவிட்டுத் தூங்கப் போனேன். ஊர் தேர்வு செய்ய மறுபடி அவகாசம், முதலில் வருபவர்க்கு முதலில். திறந்த அன்றே உட்கார்ந்து கோயம்புத்தூரைப் பிடித்தேன். ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிட்டோம். அப்பா மங்குஸ்தான் வாங்கவில்லை, போனமுறை ராசியில்லையாம். ரேங்க் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். பெரிய ரேங்க் இல்லை. ஆனால் அக்டோபரில் பதிவு செய்யும்போது அந்த டிக்கைப் போட்டேன், போட்டுவிட்டு ஸ்கிரீன் ஷாட் எடுத்தேன், பிரிண்ட் எடுத்தேன், சுபேதார் மாமாவிடம் காட்டினேன்.

கடைசி நாளில் ஒரு கலவரம். மழை, காலையிலிருந்து கரண்ட் இல்லை, டவர் இல்லை, வீட்டில் போன் செங்கல் மாதிரி கிடக்கிறது. விருப்பப் பட்டியலைப் பூட்ட அன்றுதான் கடைசி. பஸ்ஸும் வரவில்லை, எங்கேயோ மரம் விழுந்திருந்தது. குடையோடு ரோட்டோரமாக நடந்து, பாதி வழியில் ஒரு காய்கறி வண்டியில் ஏறி, குன்னூர் பெட்போர்டில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் பூட்டினேன். பட்டியலில் இருந்தது 14 இடம். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன்: கலந்தாய்வு வருவதே நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முந்தின நாளே கோயம்புத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

கிடைத்தது மயக்கவியல், பெங்களூரில் ஒரு படை மருத்துவமனை. என் முதல் விருப்பம் இல்லை, மூன்றாவது. சந்தோஷம்தான். செலவைக் கூட்டிப் பார்த்தேன்: வீணான கோயம்புத்தூர் பயணம் 16,000, விஜயவாடா 21,000, போன வைப்புத்தொகை 25,000, பார்க்காத கோச்சிங் 34,000, சில்லறை விண்ணப்பங்கள், தபால், நோட்டரி, ஜெராக்ஸ் ஒரு 12,000. ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. சம்பளத்தில் இழந்ததைக் கூட்டவில்லை, கூட்டினால் அம்மா பார்த்துவிடுவாள். ரிலீஸ் ஆனபோது வந்த பணிக்கொடை இல்லாமல் இருந்திருந்தால் இந்த வருடத்தை ஓட்டியிருக்க முடியாது. அதை வாங்கிய கையோடு கார் புக் செய்ய இருந்தவள் நான். வெளியே வந்து முதல் ஒரு வருடத்துக்கு அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

அந்த மதுரைப் பையனிடம் இதெல்லாம் சொல்லி முடித்ததும், "மேடம், எனக்கு நெட் பிரச்சனை இல்ல, படிக்கவும் ஆரம்பிச்சுட்டேன், எனக்கு இவ்ளோ கஷ்டம் வராது" என்றான். சரி தம்பி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் போனில் இருக்கிறதா, எடுத்து அதில் இருக்கிற பெயரை அப்படியே எனக்குப் படித்துக் காட்டு என்றேன். படித்தான். இப்போது யூனிட் ஐ.டி. கார்டில் இருப்பதைப் படி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மேடம்... அதுல எஸ்-னு மட்டும் இருக்கு. இதுல செல்வராஜ்னு முழுசா போட்டிருக்காங்க."